மூன்றாம் நாள் ரதிக்குப் பாட்டில்லை

அன்புள்ள மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது. ஆனாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் டீச்சர் வகுப்பில் ஒரு பயிற்சி தந்தார். வளர்ந்து பெரியவனாகி, வேலைக்காக வீட்டை விட்டுப் புறப்படுகிற மகனுக்குத் தாயோ தந்தையோ எழுதும் கடிதம். நேரத்துக்கு எழும்பு, கெட்ட சகவாசம் வேண்டாம், லீவு கிடைத்தால் வீட்டுக்கு வா என்று பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். டீச்சர் 'நன்று' என்று போட்டார். எழுதி முடித்த பிறகுதான் ஒன்று தோன்றியது. என் மனதில் இப்போது இருப்பதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் என்னை அடிப்பார்கள், அல்லது சிரிப்பார்கள், அல்லது என்னைவிட அதிகமாகப் பயந்துவிடுவார்கள். நீ ஒருவன்தான் இந்த மூன்றையும் செய்ய முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுணுகலையிலிருந்து மேலே ஏறும் தோட்டத்தில்தான் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அப்பா ஸ்டோரில் வேலை செய்கிறார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வருடம் முழுவதும் அப்பாவுக்குப் பெரிய மீசை இருக்கும். மாசி மாதம் வந்தால் அதை மழித்துவிடுவார். அப்போது அவர் ரதி. எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து வைக்கும்போது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ரதி வேஷம் அவருடையதுதான். உனக்கு அந்தக் கதை தெரியுமோ என்னவோ, அதனால் சொல்கிறேன். தவத்தில் இருக்கும் சிவன்மேல் காமன் அம்பு விடுவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுவார். காமனின் பெண்சாதி ரதி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு புலம்புவாள். மூன்றாம் நாள் சிவன் மனம் இரங்கிக் காமனை எழுப்பிக் கொடுப்பார். கூத்துத் தொடங்கக் கம்பம் நட்ட அன்று வேஷக்காரர்கள் கையில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார்கள். காமன் எழும்பிய பிறகுதான் அதை அவிழ்ப்பார்கள். நடுவில் அவிழ்க்கக் கூடாது, அறுக்கவும் கூடாது.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு வருடம் மூன்றாம் நாள் பெருமழை பிடித்துக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதற்குக் கூத்து மாஸ்டர் கத்தினார்: "கம்பத்த நட்டாச்சு, ஆள எரிச்சாச்சு. எழுப்பாம போயிப் படுத்தா யாருக்குய்யா தூக்கம் வரும்?" கடைசியில் உரப் பையைப் பிரித்துத் தைத்த ஒரு படங்கை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துக்கொள்ள, அதன் கீழே காமனை எழுப்பினார்கள். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றது ரதி. முகத்துப் பூச்செல்லாம் கழுத்து வழியாக ஓட, சேலையோடு அப்பா நின்றதை நான் அம்மாவின் குடைக்குள் இருந்து பார்த்தேன். எரித்தவனை எழுப்பாமல் விடக் கூடாது என்ற விதி அன்றிலிருந்து எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. இதை நீ கவனித்துக்கொள்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு சார் வந்தார். பதுளை டவுன்காரர். தமிழ்த் தின நாடகப் போட்டிக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் சீதனம், குடி என்றே போடுகிறார்கள், நாம் காமன் கூத்தைச் சுருக்கிப் போடுவோம் என்றார். தோட்டத்தில் ரதியும் காமனும் ஆம்பளைகள். எங்கள் நாடகத்தில் எல்லாமே பொம்பளைப் பிள்ளைகள். ரதிக்கு யார் என்று கேட்டபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. புலம்பல் எனக்கு முழுவதும் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பாட்டை வீட்டுக்குள் பாடக் கூடாது என்பதால் அப்பா ஸ்டோருக்குப் பின்னால் மெசின் சத்தத்தில் பாடிப் பழகுவார். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது விறகு அடுக்குக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுவேன். சோறு ஆறிப்போயிருக்கும். "ஏன் புள்ள இவ்வளவு நேரம்?" என்று கேட்பார். வழியில் அட்டை கடித்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொல்வேன்.

காமனாக ஸ்டெல்லா. பக்கத்து லயம், நல்ல உயரம், நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில்தான் உட்காருவோம். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை சாரிடம் வந்து, "நடிப்பு மட்டுந்தானே சார்? சாமி கும்பிடச் சொல்ல மாட்டீங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். நானோ ஒத்திகை தொடங்கிய அன்று வீட்டிலிருந்து மஞ்சள் நூல் கொண்டுபோனேன். சார் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. காப்பு இல்லாமல் ரதியாக நிற்க எனக்கு என்னவோ போல் இருந்தது. ஸ்டெல்லா கையை நீட்டிச் சிரித்தாள். "கட்டுடி, கட்டு. மஞ்சள் பூசுனா கொசு கடிக்காதாமே."

இனி வருவதுதான் நான் செய்த பிழை. இதை எழுதக் கையே வரவில்லை. போட்டியில் ஒரு நாடகத்துக்குப் பதினைந்து நிமிடம். மணி அடித்தால் புள்ளி குறைப்பார்கள். எங்கள் ஒத்திகை பதினெட்டு நிமிடத்துக்குக் குறையவே இல்லை. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சார் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "எங்கேயாவது மூணு நிமிசம் வெட்டணும். எதை வெட்டலாம் பிள்ளைகள்?" என்று கேட்டார். தூதன் வரும் இடம் இருந்தது. காமனும் ரதியும் ஆடும் இடம் இருந்தது. என் புலம்பலே ஆறு நிமிடம். நான்தான் சொன்னேன், "உயிர் எழுப்புறதை வெட்டலாம் சார். புலம்பலோட முடிஞ்சா நல்லா இருக்கும்." சார் யோசித்துவிட்டு, "ஓ, அது சரிதான். சோகத்துல முடிச்சா நடுவர்களுக்குப் பிடிக்கும்" என்றார். நடுவர்களுக்காக நான் அதைச் சொல்லவில்லை. எழுப்பும் இடத்தில் ரதிக்குப் பாட்டே கிடையாது. ஈஸ்வரன் பாட, காமன் எழும்ப, கைதட்டல் அவர்களுக்குப் போகும். ரதி ஓரத்தில் சும்மா நிற்க வேண்டும். கடைசிக் குரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதுளையில் மண்டபம் நிறைய ஆட்கள். ஸ்டெல்லா கரும்பு வில்லோடு வந்தபோது விசில் அடித்தார்கள். அவள் எரிந்து சாய்ந்து, சிவப்புத் துணியால் மூடப்பட்டு என் காலடியில் கிடந்தாள். நான் பாடினேன். மகனே, அந்த ஆறு நிமிடம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நான் மறைக்கப்போவதில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். திரை மூடியது. கைதட்டல் நிற்கவே இல்லை. திரைக்குப் பின்னால் ஸ்டெல்லா துணியைத் தள்ளிவிட்டு எழும்பி உட்கார்ந்து, "எழுப்பி விட ஒருத்தரையும் காணோம். நானே எழும்பிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். முதலாம் இடம் எங்களுக்கு. பசறை தாண்டும்வரை பஸ்ஸில் பாட்டும் கூத்துமாக வந்தோம். வீட்டில் நாடகம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். என்ன நாடகம் என்று சொல்லவில்லை. அப்பா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். காப்பை எப்போது அவிழ்ப்பது என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஆறாம் நாள் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். முதலில் லுணுகலை ஆஸ்பத்திரி, அங்கிருந்து பதுளைப் பெரிய ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். இரத்தத்தில் பிளேட்லட் குறைந்துகொண்டே போகிறது என்று அத்தை போனில் அழுதார். டெங்கு கொசுவால் வருகிறது, எந்தக் கொசு, எந்த நேரத்தில் கடிக்கும், எந்தத் தண்ணீரில் முட்டை இடும் என்று விஞ்ஞானப் பரீட்சையில் படம் வரைந்து புள்ளி வாங்கியவள் நான். ஆனால் அவளை எரித்துவிட்டு எழுப்பாமல் விட்டோம் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருக்கின்றன. கொசு என்று நினைத்தால் அந்தச் சிவப்புத் துணி கண்ணுக்கு வருகிறது. துணி என்று நினைத்தால், பைத்தியக்காரி, கொசுவுக்குக் கூத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றுகிறது. இந்த இடத்தில் ஒரு தாய் மகனுக்கு இதை நம்பு, இதை நம்பாதே என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. நீ வளர்ந்த பிறகு உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டெல்லாவின் முகம் வீங்கி, உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும், "ரதி வந்துட்டா. அழ வந்தியாடி?" என்றாள். அவள் கேலி பண்ணியதும் எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். சேலைன் ஏற்றும் ஊசியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நூல் இல்லை.

"காப்பு எங்கடி?"

"நர்ஸ் மிஸ் கத்தரிக்கோலால வெட்டிட்டாங்க. ஊசி குத்த இடம் வேணுமாம். ஏன், அது தங்கமா?"

"ஒண்ணுமில்ல."

"ஏன்டி மூஞ்சி இப்பிடிப் போவுது? நான் செத்துட்டேனா?"

"வாயக் கழுவு" என்று அத்தை அவளைத் திட்டினார். நான் வெளி விறாந்தைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுப்பும் பாட்டை அவள் காதில் மெதுவாகப் பாடிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அது எனக்குத் தெரியாது என்பது அந்தச் சுவர் ஓரத்தில்தான் உறைத்தது. ஒத்திகையில் ஈஸ்வரன் அதைப் பாடியபோதெல்லாம் நான் காது கொடுக்கவே இல்லை. அப்பா பழகியது புலம்பலை மட்டும். விறகு அடுக்குக்குப் பின்னால் நான் களவாடியதும் அதை மட்டும்தான். ஒருத்தி செத்துக் கிடக்கும்போது பாட எனக்கு ஆறு நிமிடப் பாட்டு இருக்கிறது. அவளை எழுப்ப ஒரு வரிகூட இல்லை.

போன் சூடாகிவிட்டது. நாளைக்கு அப்பாவிடம் சொல்லப்போகிறேன். சொல்வேனா என்று தெரியவில்லை.

மகனே, மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். பின்னேரம் அப்பா ஸ்டோரிலிருந்து வரும் பாதையில், பீலிக் குழாயில் மலைத் தண்ணீர் விழும் இடத்தில் காத்திருந்தேன். அவர் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பாட்டைக் களவாகக் கேட்டது, காப்புக் கட்டியது, எழுப்பாமல் முடித்தது, ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவின் நூலை வெட்டியது, எல்லாம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எழுப்புறதை வெட்டச் சொன்னது யாரு? சாரா?" என்றார்.

"நான்தான்பா."

"ஏன்?"

"கடைசியா என் பாட்டு இருக்கணும்னு."

அப்பா பீலிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைத் துடைத்துவிட்டு, "எனக்கும் தோணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "வருசா வருசம் தோணும் புள்ள. பொலம்பி முடிச்சதும் சனம் பூரா அழுவும். அப்பிடியே போயிரலாம்போல இருக்கும். மூணாம் நாள் ரதிக்குப் பாட்டில்ல. கட்ட மாதிரி நிக்கணும். சின்னப் புள்ளைங்க, இந்த ரதிக்கு ஒண்ணும் தெரியலன்னு சிரிக்கும்." பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "மேல் எடுப்பை எப்பிடி எடுத்த? மூச்சு தாங்குச்சா?" என்று கேட்டார். தாங்கியது என்றேன். தலையாட்டினார். அவருக்குக் கோபமா, பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அதுனாலதான் காய்ச்சலாப்பா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? இப்பிடி ஒருத்தரும் பாதியில விட்டதே இல்லையே."

"இந்தக் காப்ப நீங்களாவது அவுத்து விடுங்கப்பா."

என் கையைப் பிடித்துப் பார்த்தார். நூல் கறுத்துப்போயிருந்தது. முடிச்சைத் தொட்டார், விட்டுவிட்டார். "நான் அவுக்கக் கூடாது. எழுப்பிட்டு அவுக்கணும். அந்தப் புள்ள வரட்டும்" என்றார். வராவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைத்தான் நினைத்தார். ஏனென்றால் வீட்டுக்குப் போகும்வரை அவர் என் கையை விடவில்லை.

மறுநாள் காலையில் அத்தை போன் பண்ணினார். பிளேட்லட் ஏறத் தொடங்கிவிட்டதாம். எந்த நேரத்திலிருந்து ஏறியது என்று நான் கேட்டேன். "அது யாருக்கும்மா தெரியும், கர்த்தர் காப்பாத்துனாரு" என்றார். சேலைன் சரியான நேரத்தில் ஏற்றினோம் என்று மிஸ் சொன்னாராம். நான் பீலியடியில் சொன்னது முந்தின நாள் பின்னேரம். அதற்கு முன்பே ஏறத் தொடங்கியதா, பின்பா? இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடிக்கிறேன் என்றும் விளங்கவில்லை.

அதே நாள் சாரிடம் போனேன். அடுத்து வரும் மாகாணப் போட்டிக்கு நாடகத்தை மாற்ற வேண்டும் என்றேன். "பரிசு கிடைச்ச நாடகத்தை எதுக்கு மாத்துற? அந்தப் பிள்ளை வர முடியாட்டி வேற ஒருத்திய படுக்க வைப்போம்" என்றார். என் புலம்பலில் மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டு எழுப்பும் இடத்தைப் போடுங்கள் என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உன் பாட்டுக்குத்தான் பிள்ளை முதலாம் இடமே." அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு இப்போதும் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் வெட்டுங்கள் என்றேன். கொப்பியை அவர் முன்னால் வைத்து, எந்த வரிகள் போகட்டும் என்று நானே கோடு கிழித்தேன்.

மகனே, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எழுதுகிறேன். கடைசியாக இன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டெல்லா இன்றுதான் பள்ளிக்கூடம் வந்தாள். சட்டை தொளதொளவென்று இருந்தது. வகுப்பில் மேசைகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்த்தோம். "இன்னைக்குப் படுக்குறது மட்டுந்தான் செய்வேன் சார், அதுல நான் இப்ப நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டுச் சிமெந்துத் தரையில் படுத்தாள். சிவப்புத் துணியைப் போட்டார்கள். மூன்று நிமிடம் பாடினேன். முடித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். ஈஸ்வரனாக வந்த பிள்ளை எழுப்பும் பாட்டைப் பாடினாள். துணி அசையவில்லை. இரண்டாம் தடவை பாடினாள். அசையவில்லை. ரதிக்கு அங்கே செய்ய ஒன்றும் கிடையாது. ஓடிப்போய்த் துணியை விலக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, பாடக் கூடாது. நிற்க வேண்டும். நின்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கைதட்டலும் வேண்டாம், முதலாம் இடமும் வேண்டாம், கொசுவா கூத்தா என்ற பதிலும் வேண்டாம். அந்தத் துணி அசைந்தால் போதும்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமா பாடச் சொல்லுங்க சார். இது காதுலயே விழல, எப்பிடி எழும்புறது?"

வகுப்பே சிரித்தது. அவள் துணியைத் தள்ளிவிட்டு, கையை ஊன்றி, மெதுவாக எழும்பி நின்றாள். நான் அழுதேன். "அருமை, இந்த அழுகையை அப்படியே மேடையிலயும் போடு" என்றார் சார். ஸ்டெல்லா மட்டும் அருகே வந்து என் கையைப் பார்த்தாள். "இன்னுமா கட்டியிருக்க, லூசு?" முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

வீட்டுக்கு வந்து வெறும் கையை அப்பாவிடம் நீட்டினேன். அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மா நிக்கிறது பாடுறதவிடக் கஷ்டமா இருக்குப்பா" என்றேன். "தெரியும்" என்றார்.

மகனே, நீ எங்கேயோ புறப்படுகிறாய். உன்னிடம் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எது எதனால் நடக்கிறது என்று உன் அம்மாவுக்குத் தெரியாது. உன் முன்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், உன் பாட்டு முடிந்துவிட்டது என்று திரையை மூடச் சொல்லாதே. அவர் எழும்பும்வரை ஓரமாக நின்றுகொண்டிரு. யாராவது உன்னைப் பார்த்துச் சிரித்தாலும் நின்றுகொண்டிரு.

உனக்கு முன்பே உன்னை நம்பி எல்லாம் சொல்லிவிட்ட,
அம்மா